ஓடிக்கொண்டிருக்கும்போதே திக்கும் பழைய கார்: கரையோரக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு வண்டி 1984 மாடல் அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அப்பா ஓட்டியது, இப்போது என் கையில் இருக்கிறது. வீடு மண்டபத்தில், வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். பழைய அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று பல ஊரிலிருந்தும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "அண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது, திடீர்னு திக்குது, குலுக்குது, அப்புறம் தானாவே சரியாயிடுது." நிரந்தரமாக இருக்கிற கோளாறைப் பிடிப்பது சுலபம். வந்து வந்து போகிற கோளாறுதான் காசையும் பொறுமையையும் தின்னும், ஏனென்றால் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அது ஒளிந்துகொள்ளும். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வண்டி திக்குகிறது. முதலில் எதைக் கழற்ற வேண்டும்?

எதையும் கழற்ற வேண்டாம் தம்பி. ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்து டேஷ்போர்டில் போட்டுவை. ஒவ்வொரு முறை திக்கும்போதும் அப்போது மணி என்ன, இன்ஜின் சூடா குளிரா, எவ்வளவு தூரம் ஓடியிருந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தபோது வந்ததா அல்லது ஒரே வேகத்தில் போகும்போதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், அன்றைக்கு என்ன காற்று என்று எழுது. ஒரு வாரம் எழுதினால் பாதிக் கோளாறு அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். "என்ன கோளாறு" என்று கேட்பதற்கு முன்னால் "எப்போது" என்று கேட்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் வண்டியைச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பட்டறையில் விட்டபோது மூன்று முறை கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) இறக்கிக் கழுவினார்கள், கிட் மாற்றினார்கள், ஜெட் எனும் பெட்ரோல் துளையை ஊதினார்கள். மூன்று முறையும் இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் பழையபடி திக்கும். கடைசியில் கோளாறு இருந்தது டெல்கோவுக்குள், ஒரு விரல் நீளம்கூட இல்லாத ஒயரில். (ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரைத்தான் நம் பக்கம் டெல்கோ என்கிறோம்.) அந்தக் கதை கீழே வருகிறது.

கோளாறு பெட்ரோலிலா, கரண்டிலா என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, காசு செலவில்லாத வழி. திக்கிக்கொண்டிருக்கும்போதே, சாலை காலியாக இருந்தால், சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) பாதி இழுத்துப் பார். இழுத்ததும் இன்ஜின் நிதானப்பட்டால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ வெளிக்காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். இன்னும் மோசமாகி, கறுப்புப் புகையும் விட்டால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இழுத்தாலும் தள்ளினாலும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கரண்ட் பக்கம் பார்.

இன்னொரு அடையாளம், திக்குகிற விதம். பெட்ரோல் குறைந்தால் வண்டி மெதுவாகத் தளரும், இழுவை போகும், யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் இருக்கும். கரண்ட் விட்டுப் போனால் வெட்டினாற்போல் இருக்கும், சாவியைத் திருப்பி உடனே மறுபடி போட்ட மாதிரி. நாலைந்து முறை கவனித்தால் காதும் முதுகும் தானாகவே வித்தியாசம் சொல்லும்.

நான்கு ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பதும் நல்ல சாட்சி. நான்கும் ஒரே நிறமாக, வெளிறிய பழுப்பில் இருந்தால் நல்லது. நான்கும் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், நான்கும் வெள்ளையாக இருந்தால் குறைவு. ஒன்று மட்டும் தனியாக நின்றால் அந்த சிலிண்டருக்குப் போகிற ப்ளக், எச்.டி. ஒயர் (ப்ளக்குக்கு உயர் வோல்ட்டைக் கொண்டுபோகும் தடித்த ஒயர்), டெல்கோ மூடியில் அதன் குழி, அப்புறம் வால்வு என்று வரிசையாகப் பார். கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் பொது, அதனால் ஒரே ஒரு ப்ளக் கறுத்திருப்பதற்கு அது காரணமாக இருப்பது அரிது.

விடியற்காலையில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது, பத்து மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஏன்?

கடற்கரை ஊர்களில் இருந்து எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம், இதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புதான்.

அடுப்படியில் உப்பு ஜாடியைப் பார்த்திருப்பாய். மழை நாளில் தானாகவே நீர்த்து ஈரமாகிவிடும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரமாகும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அலைத்துளி காய்ந்து உப்புத் தூசியாகப் பறந்து வந்து பானெட் இடுக்கு வழியாக டெல்கோ மூடி, பேட்டரி கரண்டை உயர் வோல்ட்டாக்கும் காயிலின் தலை, எச்.டி. ஒயர், ப்ளக்கின் வெள்ளைப் பீங்கான் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. பகலில் அது காய்ந்த பொடி, கரண்டைக் கடத்தாது. இரவு ஈரத்திலும் வாடைக்காற்று நாட்களிலும் அதே படலம் உப்புத் தண்ணீர். ப்ளக்கில் பாய வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட், அந்த ஈரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்து இரும்புக்குப் போய்விடுகிறது. இன்ஜின் சூடேறி ஈரம் காய்ந்ததும் நோய் போன இடம் தெரியாது. பத்து மணிக்குப் பட்டறையில் வைத்து யார் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? அமாவாசையை ஒட்டிய இருட்டில், தெருவிளக்கு இல்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிடு. துணி தேய்ப்பவர்கள் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் டெல்கோவுக்கும் ஒயருக்கும் மேலே புகை மாதிரி லேசாகத் தெளி. நான் முதல்முறை இப்படிப் பார்த்தபோது காயிலிலிருந்து வரும் ஒயர் வால்வு மூடியைத் தொடும் இடத்தில் நீல நிறத்தில் நூலிழை போல ஒன்று நெளிந்துகொண்டிருந்தது, கூடவே டிக் டிக் என்று மெல்லிய சத்தம். இன்ஜின் திக்கியது அந்தச் சத்தத்தோடு சேர்ந்துதான். ஓடும்போது கையை உள்ளே விடாதே, அந்த அடி வாங்கினால் மணிக்கட்டு வரை மரத்துப்போகும்.

மருந்து எளிது. டெல்கோ மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் முழுதாகக் காயவிட்டு மாட்டு. நல்ல தண்ணீர் என்றால் காவிரித் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். வீட்டு போர் தண்ணீரில் கழுவினால் உப்பைத் துடைத்து உப்பையே பூசுகிறோம். மூடியின் உட்புறம் பென்சிலால் கிறுக்கியது போல் மெல்லிய கறுப்புக் கோடு ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் அது பொறி பாய்ந்து பாய்ந்து கரியான தடம், துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். குழிக்குள் பச்சைக் களிம்பு இருக்கிறதா, நடுவில் இருக்கும் கரித்துண்டு ஸ்பிரிங்கில் உள்ளே போய் வெளியே வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடு.

ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

அன்றைக்கு வண்டி ஓடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவிக் காயவைத்த பிறகு அடித்தால் பிரயோஜனம்.

ஒரே வேகத்தில் நன்றாக ஓடுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் மட்டும் ஒரு திக்கல். கார்புரேட்டர்தானே?

இருக்கலாம். சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது, மிதித்தவுடன் கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவது அதன் வேலை. இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் திருப்பு. ஊசி முனையளவு பெட்ரோல் தாரை உடனே பாய வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டினாலோ, வராமலே இருந்தாலோ பம்பின் டயஃப்ரம் (சவ்வு) காய்ந்திருக்கிறது அல்லது வழி அடைத்திருக்கிறது. பழைய அம்பாசிடரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தால் அதில் இந்தப் பம்ப் கிடையாது, மேலே இருக்கிற பித்தளைத் திருகைக் கழற்றி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார். எண்ணெய் வற்றியிருந்தால் பிஸ்டன் துள்ளி எழுந்து, மிதித்தவுடன் இதே திக்கல் வரும். லேசான இன்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டால் தீர்ந்தது.

இப்போது என் ஒயர் கதை. அம்பாசிடரின் டெல்கோவில் வாக்கும் அட்வான்ஸ் உண்டு, இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பொறி விழும் நேரத்தை மாற்றுவது. கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் உறிஞ்ச உறிஞ்ச, பாயிண்ட் (காயிலின் கரண்டைச் சேர்த்தும் விட்டும் பொறி உண்டாக்கும் தொடுமுனை) உட்கார்ந்திருக்கும் தட்டு உள்ளே சிறிது திரும்பும். பாயிண்டுக்குப் போகிற ஒயரும், தட்டை எர்த் செய்கிற குட்டி ஒயரும் அந்தத் தட்டோடு சேர்ந்து ஆயிரம் பல்லாயிரம் முறை மடங்கி நிமிர்கின்றன. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, உறை மட்டும் முழுதாக இருக்கும். தட்டு ஒரு பக்கம் இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், ஆக்சிலேட்டரை மிதித்துத் தட்டு நகர்ந்ததும் விட்டுப்போகும். பார்த்தால் அச்சு அசலாக கார்புரேட்டர் கோளாறு. என் வண்டியில் அந்த எர்த் ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தபோது ரப்பர் மாதிரி நீண்டது. செம்பு இருந்தால் நீளாது.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதி: வாக்கும் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க ஓட்டையை ஒரு சின்ன போல்ட்டால் அடைத்துவிட்டு ஓட்டு. திக்கல் போய்விட்டால் குற்றவாளி டெல்கோவுக்குள் இருக்கிறது. மாற்றும்போது வீட்டு ஒயரிங் துண்டை வைத்துக் கட்டாதே, சில மாதத்தில் மறுபடி அறும். மிக மெல்லிய இழைகள் நிறையச் சேர்ந்த, துவளும் ஒயர்தான் வேண்டும்.

எர்த் பார்த்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

எர்த் என்றால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதை மின்சாரத்தில் இணைப்பது ஒரு பின்னல் பட்டைதான். நம் காற்றில் அது வெளியே பச்சையும் உள்ளே பொடியுமாகிப் போகும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் தேவைப்பட்டிருக்கிறது, நாற்பது வயது செம்புப் பட்டை மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கும்? பட்டை செத்ததும் கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிள் சூடாக இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். குலுங்கும்போது திக்குவது, மேட்டில் ஏறி இறங்கும்போது திக்குவது, ஹெட்லைட் போட்டால் திக்குவது, மூன்றுக்கும் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். ஜம்ப் கேபிள் ஒன்றை பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேரே இன்ஜின் இரும்பில் கவ்விவிட்டுப் பார், சரியானால் புதுப்பட்டை போடு. போடும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவு.

ராமநாதபுரத்திலிருந்து கிளம்பினால் இருபது முப்பது கிலோமீட்டரில் திக்கி நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. என்ன செய்ய?

இதற்கு நான்கு காரணம் உண்டு, நான்கும் ஒன்று போலவே நடிக்கும். அதனால் நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

இறங்கியதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திற. புஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் சுவாசத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் போகப் போக டேங்குக்குள் வெற்றிடமாகி பம்ப் இழுக்க முடியாமல் போயிருக்கும். ஒரு குண்டூசியில் தீரும் கோளாறு இது, இதற்காகப் பம்பையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சத்தம் இல்லையென்றால் கார்புரேட்டர் தொண்டையைப் பார்த்து ஆக்சிலேட்டரைத் திருப்பு. சோலெக்ஸில் தாரை வந்தால் பெட்ரோல் இருக்கிறது, கரண்டைப் பார். ஒரு ஸ்பேர் ப்ளக்கை எச்.டி. ஒயரில் மாட்டி, உடலை இன்ஜின் இரும்பில் படும்படி, பெட்ரோல் வாடை இல்லாத இடமாக வைத்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல். பொறி நீலமாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ, வராமலே இருந்தாலோ காயிலைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாத சூடென்றால் உள்ளே இன்சுலேஷன் போயிருக்கலாம், ஆறினால் வேலை செய்யும், சூடானால் படுத்துவிடும். பாயிண்டோடு ஓடும் சாதாரண 12 வோல்ட் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே சுமார் 3 ஓம் காட்ட வேண்டும், ஆனால் ஆறிய காயில் மீட்டரில் சரியாகக் காட்டியும் ரோட்டில் ஏமாற்றுவது உண்டு.

தாரை வரவில்லையா? டேங்க் துரு ஒன்று. பெரும்பாலும் பாதி டேங்கோடு நிற்கும் வண்டிகளில், மேல் பாதி உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். ஓடும்போது செதில்கள் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டி அடைக்கும், நின்றால் கீழே விழுந்துவிடும், வண்டியும் ஓடும். உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்றை பம்புக்கு முன்னால் போட்டால் செம்மண் நிறத்தில் படிவதை நீயே பார்க்கலாம்.

அப்புறம் வேப்பர் லாக். அம்பாசிடர் இன்ஜினில் சைலன்சர் மேனிஃபோல்டும் (சூடான புகை வெளியேறும் குழாய்) கார்புரேட்டரும் ஒரே பக்கம், சூடு நேரே மேலே ஏறும். சித்திரை வெயிலில், பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நின்று கடலைப் பார்க்கும் நெரிசலில் மாட்டினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்ச நேரம் பானெட்டைத் திறந்து வை. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொள், விட்டு விட்டு மிதிக்காதே. அடிக்கடி வந்தால் பெட்ரோல் குழாய் சைலன்சருக்கு எவ்வளவு அருகில் போகிறது என்று பார்த்து, விலக்கிக் கட்டு.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் திக்குகிறது என்கிறார்களே, உண்மையா?

கொஞ்சம் உண்மை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய கணக்கிலேயே கொடுக்கும், அதனால் கலவை சற்று வறண்டுபோகும். ஏற்கெனவே ஜெட் பாதி அடைத்திருந்த வண்டி இதில் திக்க ஆரம்பிக்கும். பழைய ரப்பர் குழாய் உள்ளிருந்து இளகிக் கறுப்புப் பிசினாக வந்து ஜெட்டை அடைப்பதும் உண்டு. எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றிவிடு.

ஆனால் நம் பக்கம் பெரிய தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படியும். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டும் வண்டிக்கு இது வரக்கூடிய ஆபத்து. கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் இரவு முழுக்க வை. காலையில் நடுவே கோடு கிழித்தது போல் இரண்டு அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் இறக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைப்பதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்து, காற்றுக்கு இடம் இருக்காது.

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) கேட்டது: கார்புரேட்டர் புதிது, ஐடிலிங்கில் மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது?

வெளிக்காற்று உறிஞ்சுகிறது காக்கா. கார்புரேட்டருக்கும், கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் கெட்டியான பேக்கிங்கை, நட்டை அளவுக்கு மீறி இறுக்கி வளைத்திருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பார்கள், சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பாயிண்ட், ப்ளக் அளவு என்ன?

அம்பாசிடரின் லூக்காஸ் வகை டெல்கோவுக்கு பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ப்ளக் 0.6. ஃபீலர் கேஜ் இல்லாத அவசரத்தில் ஒரு விசிட்டிங் கார்டு ஏறக்குறைய பாயிண்ட் அளவுக்கு வரும். பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மொட்டும் சீக்கிரம் விழுந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படு. வேகம் கூடும்போது மட்டும் படபடவென்று வெடித்தால் அதேதான். புதிதாக வாங்கும் கண்டென்சர் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருக்கலாம், அதனால் நன்றாக ஓடிய பழையதைத் தூக்கிப் போடாதே.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா?

போடலாம், பாயிண்ட் தொல்லை போகும். மூடி, ரோட்டார் (மூடிக்குள் சுழன்று பொறியைப் பங்கிடும் துண்டு), எச்.டி. ஒயர், எர்த் நான்கும் பழையபடியே இருக்கும், உப்பும் அப்படியே.

இவ்வளவும் பார்த்தும் திக்கினால்?

வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும் பார். சூடான பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்தால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு ஏடு கட்டியிருந்தால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகி மற்ற எல்லாக் கோளாறையும் கூட்டும், அதையும் கழுவிக் கூலண்ட் விடு.

தனுஷ்கோடி வரை போக வேண்டும், டிக்கியில் என்ன வைத்துக்கொள்ள?

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டுவிட்டார்கள், ஆனால் ராமேஸ்வரம் தாண்டினால் பட்டறை கிடையாது. அளவு வைத்த ஒரு செட் பாயிண்ட், ஓட்டிப் பார்த்த கண்டென்சர், ரோட்டார், ஒரு ப்ளக், ஒரு முழம் துவளும் ஒயர், பெட்ரோல் குழாய் ஒரு முழமும் இரண்டு கிளிப்பும், ஃபீலர் கேஜ், டார்ச், தீயணைக்கும் சிலிண்டர், ஒரு பருத்தித் துண்டு, இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள், முனையில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது கண்ணாடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், பானெட்டுக்குள்ளும் அதே அளவு பூத்திருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே டெல்கோ மூடியைத் துடைத்துவிடு.